திருமலைக்கு ஒரு பூவரசு

“குழி மட்டும் நம்ம கைல ஆவாதும்மா. மத்தபடி இன்னா வேல சொன்னாலும் செய்றேன்.”

“குழி தோண்டாம செடி எப்படிம்மா நடுவே?”

“யாரனா தோண்டிக் குட்த்தா நான் நட்டுட்றேன். தண்ணி ஊத்துறேன், கள புடுங்குறேன், குப்ப வார்றேன். கடப்பாறையும் மம்டியும் மட்டும் என்னாண்ட குட்காத.”

ஜெயக்கொடி கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தோட்ட வேலைக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று மாவுக் கடையிலும் மளிகைக் கடையிலும் சொல்லிவைத்து, கடைசியில் வந்து நிற்கிற ஒரே ஆள் இவள். இவளும் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்கிறாள். நாற்பதைக் கடந்தவள். அலைக்குள் இறங்கி நிற்பவர்கள் செருகுவது போலப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பெயர் அங்கம்மா என்றும், கடலோரக் குப்பத்தில் வீடு என்றும், இதற்கு முன் கூடையில் மீன் விற்றதாகவும் சொன்னாள். செடி வேலை தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது, சொல்லிக்கொடுத்தால் செய்வேன் என்றாள். ஜெயக்கொடிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. போன மாதம் நர்சரியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் தெரியும் என்று சொன்னவர்கள்.

ஏன் தோண்டக் கூடாது என்று கேட்டாள்.

“வூட்டு ஆளு கடலுக்குப் போய்க்கீறாரு. திரும்பி வர்ற வரிக்கும் எங்க கை மண்ண வெட்டக் கூடாதும்மா. குப்பத்துப் பயக்கம்.”

இது ஜெயக்கொடிக்கு விளங்காத சங்கதி இல்லை. திசையன்விளைக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில், ஆண்கள் பயணம் கிளம்பிய நாளில் வீடு பெருக்க மாட்டார்கள். வேதக்காரர்கள் இதையெல்லாம் பார்க்கலாமா என்று போதகர் கேட்டால் சிரித்துச் சமாளிப்பார்கள். ஆனால் விளக்குமாறைத் தொட மாட்டார்கள். கடலுக்குப் போனவன் சில நாளில் வந்துவிடுவான், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, நாளைக் காலையில் வா என்று சொல்லிவிட்டாள்.

அந்த இடம் முன்பு இரும்பு யார்டு. ஜெயக்கொடியின் கணவர் சாத்தாங்காட்டில் கடை வைத்திருந்தார். அங்கே விலைபோகாத கம்பியும் தகடும் திருவொற்றியூருக்கு வந்து, எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால் இந்த மனையில் கிடந்து மழையில் நனைந்தன. வயதான பிறகு யார்டைக் காலிசெய்து முன்பக்கம் வீடு கட்டினார். பின்பக்கம் தோட்டம் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குடிவந்த வாரம் ஜெயக்கொடி பின்பக்கம் போய் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். சிவப்பாக இருந்தது. ஊர்த் தேரிக்காட்டு மண் இத்தனை தூரம் தன்னைத் தேடி வந்துவிட்டது போல அசையாமல் நின்றாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தபோது அது துரு.

அதற்கு மேல் சுண்ணாம்புக் கட்டி, உடைந்த செங்கல், எங்கிருந்தோ காற்றில் வந்து படியும் கரித்தூள். நர்சரிக்காரர்கள் புல்லும் குரோட்டன்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். உப்புக்காற்று அவற்றை ஓரத்திலிருந்து பொசுக்கிக்கொண்டு வந்தது. டைல்ஸ் போட்டுவிடலாம் அம்மா, துணி காயப்போட வசதி என்றான் மகன் ஜெரின். இப்போது கடையைப் பார்ப்பவன் அவன்தான். ஜெயக்கொடி மாவுக் கடைக்குப் போய் ஆள் தேடச் சொன்னாள்.

குழி தோண்ட, கடையில் லோடு ஏற்றும் திருமுருகன் சனிக்கிழமைகளில் வந்தான். அவன் வீடும் குப்பத்துக்கு அடுத்த தெருவில்தான். அவன் தோண்டும்போது அங்கம்மா முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாள். தோண்டி முடித்து அவன் கடப்பாறையைச் சுவரில் சாத்திய பிறகுதான் பக்கத்தில் வருவாள். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, கன்றை இரண்டு கையாலும் இறக்கி, மண்ணைத் தள்ளுவாள். தள்ளுவதில் தோஷமில்லை, வெட்டுவதில்தான் என்று அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

வேலை சீக்கிரம் பிடிபட்டது. காலையில் வந்ததும் இலைகளின் மேல் படிந்த கரியை ஈரத்துணியால் துடைப்பாள். மீன் விற்றவள் கை என்பதால் எதையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டி, செவுள் பார்ப்பது போலப் பார்ப்பாள். நீளக் கத்தரிக்காய்க்கு வாளை என்றும் பாகற்கொடிக்கு இறால் என்றும் பெயர் வைத்தாள். வேலை முடிந்து இருவரும் பின்படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பை அங்கம்மாவால் மன்னிக்க முடியவில்லை.

“தேங்காய ஊத்தி மீன கொன்னுட்றீங்கம்மா நீங்க.”

“நீங்க உயிரோட விக்கியளாக்கும்? செத்த மீனத்தான கொல்லுதோம்.”

அங்கம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது என்பது போலக் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கிப் போனாள்.

அங்கிருந்து கடல் தெரியாது. நடுவில் குடோன் சுவர், அதற்கப்பால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை, அதற்கும் அப்பால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். ஆனால் லாரிகள் என்ஜினை நிறுத்தியிருக்கும் சில நிமிடங்களில் அலைச் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் அங்கம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். ஜெயக்கொடி இதைக் கவனித்திருந்தாள். கடற்கரைக்காரர்களுக்கு இது வழக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். கடலுக்குப் போனவர் வந்தாரா என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும், வருவாரு என்று பதில் வந்தது.

அங்கம்மா சொல்லாமல் விட்டது இதுதான். அவள் புருஷன் திருமலை காசிமேட்டிலிருந்து லாஞ்சில் போனவன். விடியற்காலையில் வலையை இழுக்கக் கூப்பிட்டபோது பின்பக்கம் படுத்திருந்த அவனைக் காணவில்லை. அவன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. உடன் போனவர்கள் எண்ணெய் தீரும் மட்டும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவன் தம்பி ஜெகதீசன் சொந்தப் போட்டில் போய்ப் பத்து நாள் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அது பங்குனியில். இப்போது கார்த்திகை.

உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு காரியம் உண்டு. அலை ஏறாத மேட்டு மணலில் ஒரு குழி வெட்டுவார்கள். அவன் உடுத்திய சட்டையையோ கைலியையோ உள்ளே வைத்து, அவன் பெயரை உரக்கச் சொல்லி, மூடி, மேலே ஒரு பூவரசங்கொம்பை நடுவார்கள். கொம்பு வைத்தாயிற்று என்றால் ஆள் போயாயிற்று. அதன் பிறகுதான் பெண்சாதி தாலியைக் கழற்றுவாள். வைக்கும் வரை அவன் கடலில்தான் இருக்கிறான். அதுவரை அந்த வீட்டில் யாரும் எதற்காகவும் மண்ணை வெட்டக் கூடாது. வெட்டினால் அவனுக்கு இடம் பார்த்ததாக ஆகிவிடும்.

இதனால் பவானியின் கல்யாணம் நின்றது. பவானி அவர்களுடைய ஒரே மகள். மணலிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். திருமலை இருந்தபோதே பேசி முடித்த மாப்பிள்ளை. ஆனால் கல்யாணத்துக்கு வாசலில் பந்தக்கால் நட வேண்டும், பந்தக்காலுக்குக் குழி வெட்ட வேண்டும். அப்பனுக்குக் கொம்பு வைக்காமல் மகளுக்குக் கால் நட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். தை வரைக்கும் பொறுக்கிறோம் என்றார்கள். ஜெகதீசன் வாரத்துக்கு ஒருமுறை வந்து கதவருகில் குந்தி உட்கார்ந்து, அண்ணி, இன்னும் எத்தினி நாளு என்று கேட்பான். அவனும் அழுதவன்தான். அங்கம்மா அவனுக்குச் சோறு போடுவாள். பதில் மட்டும் சொல்ல மாட்டாள். வேறு போட்டுக்காரர்கள் தூக்கிப்போய் எந்தக் கரையிலோ இறக்கியிருப்பார்கள், பேச்சு புரியாத ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நம்பினாள். அப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு.

கார்த்திகை நடுவில் ஒரு சேதி வந்தது. காக்கிநாடா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தமிழ் மட்டும் பேசும் ஆள் ஒருவர் கிடக்கிறார், கடலிலிருந்து எடுத்தார்களாம், பெயர் சொல்ல நினைவில்லை என்று. அங்கம்மா பவானியைக் கூட்டிக்கொண்டு அன்றிரவே ரயில் ஏறினாள். வேலைக்கு வர முடியாது என்று திருமுருகனிடம் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை கடப்பாறையோடு வந்த திருமுருகன்தான் ஜெயக்கொடியிடம் திருமலை காணாமல் போன விஷயத்தைச் சொன்னான். கொம்பு வைக்கும் வழக்கத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள். எட்டு மாதமாக அந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டா தன் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்று நினைத்தாள். செத்த மீனைத்தான் கொல்கிறோம் என்று தான் சொன்னதும், அவள் டம்ளரைக் கீழே வைத்ததும் நினைவுக்கு வந்தன. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். ஜெபிக்கலாம். வெறும் ஜெபம் காற்றோடு போய்விடும் போலத் தோன்றியது.

ஜெயக்கொடியின் ஊரில் பிள்ளை பிறந்தால் அதன் பெயருக்கு ஒரு தென்னை வைப்பார்கள். குழிக்கடியில் உப்புப் போட்டு, பெயர் சொல்லி ஜெபித்து வைப்பார்கள். ஒருவர் தூரதேசம் போனாலும் அப்படித்தான். அவளுடைய மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் மாமியார் வாசலுக்கு நேரே வைத்த மாமரம் இன்னும் நிற்கிறது. மாமனாரும் ஊர் திரும்பித்தான் கண்ணை மூடினார். மரம் நிற்கும்வரை ஆள் நிற்பான். இதை யாரும் வேதத்தில் படித்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே அவள் ஆட்டோ பிடித்து நர்சரிக்குப் போனாள். முதலில் தென்னை வாங்கத்தான் நினைத்தாள். பிறகு, இந்தக் காத்துக்கு இன்னா வெச்சாலும் பூடும், பூவரசு மட்டும்தான் நிக்கும் என்று அங்கம்மா ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் வாயால் சொன்ன மரமே இருக்கட்டும் என்று இடுப்புயரப் பூவரசங்கன்று ஒன்றை எடுத்தாள். நேராக வளர்ந்த தண்டு, உச்சியில் இன்னும் விரியாத ஒரு இலை. மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, லாரிகளுக்கு நடுவே ஆட்டோ குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அதன் கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

கிழக்கு மூலையில், கடல் இருக்கும் திசையைப் பார்த்துக் குழி தோண்டச் சொன்னாள். யாருக்கென்று சொல்லவில்லை. திருமுருகன் ஆழமாகவே தோண்டினான். கீழே பழைய கம்பித் துண்டுகள் வந்தன, பொறுக்கிப் போட்டான். அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஜெயக்கொடி இரண்டு கை உப்பைப் போட்டு, கன்றை இறக்கி, மண் தள்ளினாள். முட்டி வலியோடு மண்டியிட்டாள். பிறகு, ஜெபக் கூட்டங்களில் பழகிய உரத்த குரலில், “ஆண்டவரே, இது திருமலைக்காவ வைக்கிற மரம். அங்கம்மா வீட்டுக்காரர் திருமலை. அவிய எங்க இருக்காவளோ நீர் அறிவீர்,” என்று சொன்னாள். தொடர்ந்து நிறைய வேண்டினாள். அழுததால் அது சரியாகக் கேட்கவில்லை.

குழாயை மூடாமல் திருமுருகன் நின்றிருந்தான். குழி, பெயர், பூவரசு மூன்றையும் அவன் பார்த்தான். காக்கிநாடாவில் கிடந்தவர் திருமலை இல்லையென்று தெரிந்து, அங்கம்மாதான் தன் கையால் முடியாமல் முதலாளி வீட்டுப் பெரியம்மாவிடம் போனில் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வேறு எப்படி நினைப்பான்? ஈரக் கையைத் தலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கடப்பாறையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான். அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த ஜெயக்கொடிக்கு, இவனுக்கும் எவ்வளவு இரக்கம் என்று மனம் நிறைந்தது.

டீக்கடையில் அவன் ஜெகதீசனிடம் சொன்னான். அண்ணி மனசு மாறிட்டாங்க, பெரியம்மா வூட்டுத் தோட்டத்துல கொம்பு வெச்சாச்சு, நான்தான் குழி வெட்டுனேன் என்றான். ஜெகதீசன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குப்பத்துக்குப் போனான். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் கூடி, வருகிற வெள்ளிக்கிழமை மிச்சக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பேசினார்கள். கொம்பை மேட்டு மணலில் வைக்காமல் தோட்டத்தில் வைத்ததால் அது கொம்பு இல்லையென்று ஆகாது என்றார்கள்.

அங்கம்மாவும் பவானியும் திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வேறு யாரோ. கடலூர்ப் பக்கத்துக்காரர் போலிருந்தது. அவர் அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைக் கூட்டிப் போகச் சொன்னார். அவள் அவருக்கு இட்லி வாங்கி ஊட்டிவிட்டு வந்தாள். தெருமுனையில் பெண்கள் ஒன்றாக எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதபோது, காக்கிநாடாவில் இருந்தவர் அவர் இல்லை என்பது இவர்களுக்கு அதற்குள் எப்படித் தெரியும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அன்று மாலை அவள் வந்தாள். ஜெயக்கொடி கேட்டைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்து, போன காரியம் என்னவாயிற்று என்று தெரிந்துகொண்டாள். கையைப் பிடித்துக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போனாள். தைரியம் சொல்ல அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கன்று வாடாமல் நின்றது. உச்சியில் மூடியிருந்த இலை பாதி விரிந்திருந்தது.

“இத்த நீதான் வெச்சியா?”

“நான்தான். ஓன் வீட்டுக்காரருக்காவ. பேரு சொல்லித்தான் வச்சேன்.”

அங்கம்மா இரண்டடி பின்னால் போய், அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவில்லை. மேட்டு மணல், சட்டை, பெயர் சொல்லுதல், கொம்பு, தாலி, பந்தக்கால் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஜெகதீசன் வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருப்பதைச் சொன்னாள். கேட்கக் கேட்க ஜெயக்கொடியின் கை தானாகவே கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். இப்போதே கிளம்பி வருகிறேன், பெரியவர்களிடம் பேசுகிறேன், எங்கள் ஊரில் இது உயிருக்காக வைக்கிற மரம் என்று நானே சொல்கிறேன் என்றாள்.

நான் யாரையும் வைக்கச் சொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றாள் அங்கம்மா. குழியைத் தோண்டி, பெயரைச் சொல்லி, பூவரசை வைத்தால் வைத்ததுதான், யார் வைத்தால் என்ன, எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். பவானியும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நீ வெக்கலம்மா, தானா நடந்துச்சு, அப்பாவே நடத்திக்கினாருன்னு நெனச்சிக்கோ என்றாளாம். ரயிலில் வரும்போது முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்த பெண், தெருமுனையில் அந்தச் சேதியைக் கேட்டதும் முதல்முறையாக மூச்சு விட்டதை அங்கம்மா பார்த்தாள். அவள் மேல் கோபமில்லை. இருபத்திரண்டு வயதுக்காரி எத்தனை நாள் காத்திருப்பாள்?

“ஒரே ஒரு வழி கீதும்மா. வெச்ச கையே எட்த்துட்டா, வெக்காத மாதிரி. முன்ன ஒருத்தரு ரங்கூன்ல இருந்து திரும்பி வந்தாரு. கொம்பு வெச்ச அண்ணன்காரரே போய்ப் புடுங்கிப் போட்டாரு. அப்பொறம்தான் அவர வூட்டுக்குள்ள இட்டுகினாங்க. அதுனால வெச்சவங்க எட்த்தா செல்லும். ஜெகதீசனும் அத்த ஒத்துக்கினான்.”

ஜெயக்கொடி கன்றைப் பார்த்தாள். எவ்வளவு சின்ன வேலை. மண் இன்னும் இறுகவில்லை. மண்வெட்டிகூட வேண்டாம், இரண்டு கையால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவள் குனியவும் செய்தாள். தண்டில் கை பட்டதும் நிமிர்ந்துவிட்டாள்.

பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பிறந்தபோது கிணற்றடியில் வைத்த தென்னை, வீட்டை நீட்டிக் கட்டும்போது இடைஞ்சலாக நின்றது. அப்பா வெட்டச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள், அப்பா கேட்கவில்லை. அப்போது தம்பி பம்பாயில் கடையில் இருந்தான், நல்ல திடகாத்திரமாக. மரம் விழுந்த மாதமே மஞ்சள் காமாலை என்று தந்தி வந்தது. பெட்டியில்தான் ஊருக்கு வந்தான். அது வேறு இது வேறு என்று அவளுக்குத் தெரியும். ஐம்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அப்பா அதற்குப் பிறகு ஒரு செடியையும் தன் கையால் பிடுங்கியதில்லை, அவளும் பிடுங்கியதில்லை. கத்தரி காய்ந்தால்கூட அதுவாகச் சாயட்டும் என்று விட்டுவிடுவாள்.

“உயிரோட இருக்கணும்னு சொல்லி வச்ச மரம் அங்கம்மா இது. அவிய பேரச் சொல்லி வச்சது. இத நான் எப்படிப் புடுங்குவேன்? நாளைக்கு அவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் புடுங்குனதாலன்னுதான எனக்குத் தோணும்?”

அங்கம்மா அதைக் கேலி செய்யவில்லை. கதையை மட்டும் கேட்டவள் போல, தம்பிக்கு என்ன வயது என்று கேட்டாள். இருபத்தி நாலு என்றாள் ஜெயக்கொடி. அங்கம்மா தலையை ஆட்டினாள். சாலையில் லாரிகள் நகர ஆரம்பித்து, தோட்டச் சுவர் லேசாக அதிர்ந்தது. கரித்தூள் இறங்கிப் பூவரசின் பாதி விரிந்த இலைமேல் படிந்தது. அங்கம்மா பழக்கத்தில் துணியை எடுக்கக் கையை நீட்டி, இந்த ஒரு செடியைத் தான் தொடக் கூடாது என்று கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

வேண்டுமானால் ஜெரினை விட்டுப் பிடுங்கச் சொல்லவா என்று ஜெயக்கொடி தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் இதையெல்லாம் நம்பாதவன். திருமுருகனை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அங்கம்மா இல்லையென்று தலையசைத்தாள். வைத்தது அந்தக் கை இல்லை.

பின் அவள் எழுந்து வந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக யாரிடமோ எதையோ கேட்கப்போகிறவளின் தயக்கம் அவள் நடையில் இருந்தது. ஜெயக்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். விரல் இடுக்குகளில் இருந்த மண்ணைப் பார்த்தாள். அதைத் தன் புடவைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், காலையில் இலைகளைத் துடைப்பது போல, அவசரமில்லாமல்.

“உன் தம்பி கத எனக்குப் புரியுதும்மா. நீ எட்த்தா அவரு பூடுவாரோன்னு நீ பயப்பட்ற. எடுக்காங்காட்டி வெள்ளிக்கெழம காலைல நான் இத்த கழட்டிக் குடுக்கணும்.” கழுத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். “அவரு எங்கனா ஒரு கரைல உக்காந்துகினு கீறாரு. நான் கழட்டுனன்னு தெரிஞ்சா அங்கயே நின்னுடுவாரு. உன் சாமி கேட்டா, அங்கம்மாதான் எடுக்கச் சொன்னான்னு சொல்லு. பாவம் இன்னா வந்தாலும் என் மேல போட்டுடு. உன் கையால எட்த்துடும்மா.”